பாலவனத்தம் வீரணனின் காலும் முதுகும்

பாலவனத்தம் வீரணன் இந்த உலகத்துக்கு வந்தபோது தலையை அனுப்பவில்லை, காலை அனுப்பினார். மற்ற பிள்ளைகள் தலையை முன்னால் நீட்டி, இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் உடம்பைக் கொண்டுவருவார்கள். இவருக்கு அந்தப் பொறுமை இல்லை. கால்கள் முதலில் வந்தன. வந்த வேகத்தில் அவை நடக்கப் பார்த்தன என்று பிரசவம் பார்த்த அம்மாள் கடைசிவரை சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, காலோடு பிறந்தவர்களுக்கு முதுகுச் சுளுக்கு எடுக்கும் அதிகாரம் உண்டு. முதுகு பிடித்துக்கொண்டவர் குப்புறப் படுத்துக்கொள்வார். தகுதி பெற்ற கால் அந்த முதுகில் மூன்று தடவை பதியும். மிதி வாங்கியவர் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர வேண்டும். மிதிப்பவருக்குப் படிப்பு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். பிறக்கிற நேரத்தில் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் போதும்.

ஆகவே வீரணன் பேசப் பழகும் முன்பே தொழிலுக்கு வந்துவிட்டார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கொண்டுபோய்ப் பெரிய மனிதர்களின் முதுகில் நிறுத்துவார்கள். சில முதுகுகளை அவர் நனைத்ததும் உண்டு. அவற்றுக்குச் சுகம் இன்னும் சீக்கிரம் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

வளர்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. மிதிக்குக் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. புகழை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பு எரிக்க முடியாது என்று வீரணனின் மனைவி பாண்டீஸ்வரி எடுத்துச் சொன்னதன் பேரில், அவர் அருப்புக்கோட்டையில் சங்கரபாண்டியனின் வத்தல், மல்லி மண்டியில் லோடுமேனாகச் சேர்ந்தார்.

அந்த மண்டியில் ஒரே ஒரு சட்டம். மூட்டையை எடுத்தால், போய்ச் சேர வேண்டிய இடத்தில்தான் இறக்க வேண்டும். நடுவழியில் தரையைத் தொட விட்டவனுக்கு அன்றோடு பெயர் போய்விடும். அதற்குப் பிறகு அவன் முனியசாமியாக இருந்தாலும் மூக்கையாவாக இருந்தாலும், மண்டிக்கு அவன் 'கீழ விட்டவன்'. பெண் பார்க்கப் போகிற இடத்துக்கும் அந்தப் பட்டம் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வீரணன் அங்கே இருந்த காலம் முழுவதும் ஒரு மூட்டையைக்கூடக் கீழே விடவில்லை. இடுப்பை ஒடித்துக் குனிவார், ஒரு வெட்டு வெட்டித் திரும்புவார், மூட்டை முதுகில் இருக்கும். முழங்காலை மடக்குவது என்ற வேலையை அவர் கோயிலில் விழுந்து கும்பிடும்போது மட்டும்தான் செய்தார்.

மண்டிக்கு வரத்து குறைந்தபோது, பந்தல்குடி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. நோயாளிகளைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கும், நாற்காலியில் இருந்து எக்ஸ்ரே மேசைக்கும், அங்கிருந்து திரும்பக் கட்டிலுக்கும் மாற்றுகிற வேலை. மூட்டைக்கும் நோயாளிக்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சேர்ந்த முதல் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார்: நோயாளி முனகுவார். மற்றபடி தொழில் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் 'கிரேன்' என்று பெயர். மத்தியானம் மூன்று மணிக்கு மேல், நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் வராந்தாவில் இவருடைய காலுக்காகக் காத்திருப்பார்கள். உள்ளே டாக்டருக்கு ஒரு கூட்டம், வெளியே காலுக்கு ஒரு கூட்டம். டாக்டருக்கு டோக்கன் உண்டு, காலுக்கு இல்லை. அது ஒன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பிரவீணா சிஸ்டர் மதுரைக்குப் போய் ஒரு பயிற்சி எடுத்துவிட்டு வந்தார்.

பிரவீணா காரியாபட்டிக்காரி. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். ஆள் ஒல்லி. வார்டுப் பொறுப்பு புதிதாக அவர் கைக்கு வந்திருந்தது. பயிற்சியில் இருந்து வரும்போது வழவழப்பான நைலான் துணி ஒன்றும், கைப்பிடிகள் தைத்த அகலமான பெல்ட் ஒன்றும் கொண்டுவந்தார். துணியை நோயாளிக்கு அடியில் விரித்து இரண்டு பேராக இழுத்தால் ஆள் வழுக்கிக்கொண்டு நகரும், தூக்கவே வேண்டாம். பெல்ட் நோயாளியின் இடுப்புக்கு. நடக்க வைக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாரையும் டியூட்டி அறைக்குக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தார்.

"இனிமே யாரும் யாரையும் தூக்கக் கூடாது. உருட்டணும், நகட்டணும். கட்டில நம்ம இடுப்பு உசரத்துக்குத் திருகி ஏத்திக்கிறணும். காலை அகட்டி நிக்கணும், மொழங்கால மடக்கணும், ஆளை நம்ம ஒடம்போட ஒட்ட வச்சுக்கிறணும். இடுப்ப முறுக்கித் திரும்பக் கூடாது."

வீரணன் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தூக்கக் கூடாதுன்னா எனக்கு எதுக்கு சிஸ்டர் சம்பளம் குடுக்காக?"

"ஒங்க முதுகு நாளைக்கும் வேணும்னுதாண்ணே."

"என் முதுகு மல்லி மூட்டை செமந்த முதுகு."

"அதனாலதான் சொல்றேன். இப்படிக் கட்டில்ல படுங்க."

படுத்தார். பிரவீணாவும், அவரைவிட ஒல்லியான ஆயா ராஜேஸ்வரியும் துணியைப் பிடித்து இழுத்தார்கள். வீரணன் கட்டிலின் கால்மாட்டில் இருந்து தலைமாட்டுக்கு எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போனார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் உள்ளுக்குள்ள கொஞ்சம் எம்பிக் குடுத்தேன்" என்றார் வீரணன், எழுந்து வேட்டியைச் சரிசெய்தபடி.

பிரவீணா துணியை மடித்து வைத்தார். "இன்னொண்ணு இருக்கு. நடக்கும்போது நோயாளி விழப்போனா, இழுத்துப் பிடிச்சு நிறுத்தப் பாக்காதீங்க. ஒங்களால முடியாது, ரெண்டு பேருக்கும் அடிபடும். ஒரு கால முன்னால வச்சு, ஆளை ஒங்க தொடைமேல சாச்சு, தொடை வழியா மெதுவாத் தரையில எறக்கிரணும். தலை மட்டும் அடிபடாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

வீரணனின் முகம் கறுத்தது. "கீழ விடச் சொல்றீக."

"ஆமாண்ணே."

"ஆளைக் கீழ விடச் சொல்லி மதுரையில பாடம் நடத்துறாக" என்று ராஜேஸ்வரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் வராந்தாவில் மிதிகள் வழக்கத்தைவிடப் பலமாக விழுந்தன.

அந்த வாரத்திலேயே மண்டி முதலாளி சங்கரபாண்டியன் பக்கவாதம் வந்து அட்மிட் ஆனார். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மற்றபடி ஆள் பழைய கனம்தான். அவர் மனைவி சரஸ்வதி பக்கத்திலேயே இருந்தார். பழைய லோடுமேன் இதே ஆஸ்பத்திரியில் இருப்பதைக் கண்டதும் இருவருக்கும் டாக்டரைக் கண்டதைவிடத் தெம்பு வந்தது.

தலைமாட்டை உயர்த்தி வைத்த கட்டிலில் கனமான ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்மாட்டுக்குச் சரிவது இயற்கை. ஒரு நாள் சரஸ்வதி கூப்பிட்டார். "வீரணா, அவுகளக் கொஞ்சம் மேல தூக்கிப் போடு."

நைலான் துணி பக்கத்து அலமாரியில் மடித்து வைத்திருந்தது. இரண்டாவது ஆளாக ராஜேஸ்வரி கூப்பிடு தூரத்தில் இருந்தார். வீரணன் இரண்டையும் பார்க்கவில்லை. முதலாளியின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்தார், இடுப்பை ஒடித்தார், ஒரு வெட்டு வெட்டினார்.

'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன அது?" என்றார் சரஸ்வதி.

"கட்டிலுதாம்மா. எண்ணெ போடணும்."

முதலாளி பல்லைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வீரணன் நிமிர்ந்தார், முக்கால்வாசிதான் நிமிர முடிந்தது. சத்தம் எங்கே இருந்து வந்தது என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பினார். இடுப்பில் இருந்து ஒரு சூடு இறங்கி வலது தொடைக்குள் குடியேறியது.

இந்த இடத்தில் அவருடைய நிலைமையைப் பாருங்கள். தூக்குவதற்காகச் சம்பளம் வாங்குகிற ஆள். முதுகு போனது தெரிந்தால் ஆஸ்பத்திரி வேலை போகும். அது போகட்டும், ஊர் முதுகையெல்லாம் சரிசெய்கிற காலுக்குச் சொந்தக்காரரின் முதுகே பிடித்துக்கொண்டது என்று வெளியே தெரிந்தால் பாலவனத்தத்தில் தலைகாட்ட முடியுமா? தன் காலால் தன் முதுகை மிதிக்க முடிந்தால் யாருக்கும் தெரியாமல் முடித்திருப்பார். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை முயற்சியும் செய்தார். குதிகால் தொடையின் பின்பக்கம் வரைக்கும்தான் போயிற்று.

அன்று முதல் வீரணன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். நின்றால் ஒரு பக்கம் இழுத்தது. படுத்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுப்பதற்குள் கோழி கூவியது. நடந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் தேவலை. ஆகவே நடந்தார். வார்டுக்குள் நடந்தார், வராந்தாவில் நடந்தார், மருந்துக் கடைக்கும் லேப்புக்கும் யாரும் அனுப்பாமலே போய் வந்தார். டீயை நடந்துகொண்டே குடித்தார். பாலவனத்தம் பஸ்ஸில் சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார். கண்டக்டர், "ஏலே வீரணா, யாருக்குல எடம் போட்டு வச்சிருக்க?" என்று கேட்டார். நிர்வாகம் அவருடைய சுறுசுறுப்பைப் பாராட்டியது. மற்ற ஊழியர்களும் இப்படி இருக்கக் கூடாதா என்று மேனேஜர் கேட்டதில் ராஜேஸ்வரிக்குக் கோபம்.

பிரவீணா மட்டும் ஒரு மாதிரி பார்த்தார். "என்னண்ணே, உக்காரவே மாட்டேங்கிறீங்க?"

"வேலை கெடக்குல்ல சிஸ்டர்" என்று நடந்துகொண்டே பதில் சொன்னார்.

"முதுகு எதும் வலிக்குதா?"

"எனக்கா?" என்று சிரித்தார். சிரிப்பு இடுப்பில் போய் இடித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு லேப்பைப் பார்த்து நடந்தார்.

மத்தியான வேளைகளில்தான் பெரிய சோதனை. குப்புறப் படுத்திருக்கிற முதுகுமேல் வலது காலைத் தூக்கி வைக்கும்போது, இடது காலில் நின்று தாங்க வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டும். மிதி வாங்கியவர்கள் அதைத் தெய்வ அருள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு விடுமுறை நாளில் திருச்சுழிக்குப் பஸ் ஏறினார். அங்கே ஜக்கம்மாள் என்ற ஒரு அம்மாள் பிராய்லர் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். அவரும் காலோடு பிறந்தவர். அவர் காலுக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். பார்த்திபனூர் வரை ஆள் வரும் என்று கேள்வி. தன் ஊர்க்காரர்கள் யாரும் பார்க்காத தூரம் என்பது வீரணனுக்கு அதைவிட முக்கியம்.

ஜக்கம்மாள் கட்டையில் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். வீரணன் வாசலிலேயே அங்கும் இங்கும் நடந்தார்.

"கறியா, காலா?" என்று கேட்டார் ஜக்கம்மாள், தலை நிமிராமல்.

"காலுதான். எனக்கில்ல. ஒரு கூட்டாளிக்கு."

"கூட்டாளி எங்க?"

"அவரு வரல."

"முதுகு வராம நீங்க மட்டும் வந்தா நான் எதுல மிதிக்க?" கத்தியை வைத்துவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பாலவனத்தத்து வீரணன்தான? என் கொழுந்தனுக்கு நீங்கதான் மிதிச்சீக."

வீரணன் கொஞ்சம் நிமிர்ந்தார். "சரியாப் போச்சா?"

"போச்சு. அப்புறம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டோம். சரியாப் போச்சு."

கறி வாங்க நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஜக்கம்மாள் அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் சாக்கை விரித்தார். வீரணன் படுப்பதற்கே வெகுநேரம் ஆயிற்று. ஜக்கம்மாள் காலைக் கழுவிக்கொண்டு வந்து, குலசாமியை நினைத்து மூன்று தடவை மிதித்தார். மூன்றாவது மிதியில் வீரணன் தன் குலசாமியையும் கூப்பிட்டார்.

"எந்திரிச்சுத் திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார் ஜக்கம்மாள்.

வீரணனால் அப்போது திரும்பிப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் விதியை மதித்ததாகவே கணக்கு. நாலு அடி வைத்தவர், முகத்தைத் தெருப்பக்கமே வைத்துக்கொண்டு கேட்டார்.

"தாயி, ஒங்களுக்கு முதுகு பிடிச்சா யாரு மிதிக்காக?"

"யாரு இருக்கா மிதிக்க? அருப்புக்கோட்டைக்குத்தான் வாரேன். பந்தல்குடி ரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி. அங்க ஒல்லியா ஒரு பிள்ளை, காரியாபட்டிப் பிள்ளையாம். ஒருக்களிச்சுப் படு, ரெண்டு மொழங்காலுக்கும் நடுவுல ஒரு தலகாணிய வையின்னு சொல்லுச்சு. கோழிக்கூண்டத் தூக்கும்போது மொழங்கால மடக்குன்னு சொல்லுச்சு. பூப்போலப் போயிருச்சு."

தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் விலாசத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு பஸ் மாறி வந்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று வீரணனுக்குத் தோன்றியிருக்கலாம். பஸ் நிலையம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். முழுப் பயணமும் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் இருந்தது ஒரே தலையணை. அன்று அதை எடுத்துக்கொண்டு படுத்தவரைப் பாண்டீஸ்வரி பார்த்தார்.

"என்னங்க, தலைக்கு வைக்கிறத எங்க கொண்டு போறீக?"

"திருச்சுழிக் காலு அப்படித்தான் சொல்லுச்சு."

காலையில் முதுகு கொஞ்சம் இளகியிருந்தது. ஜக்கம்மாளின் மிதி நல்ல மிதி என்று அவர் முடிவு செய்தார். தலையணைக்கு எந்தப் பங்கும் கொடுக்கவில்லை.

ஆனால் இளகிய முதுகு சுகமான முதுகு ஆகாது. அது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

காரியாபட்டி பஸ் அன்று தாமதம். பிரவீணா இன்னும் வரவில்லை. சங்கரபாண்டியனை நடக்க வைப்பதாக இருந்தால் தான் வந்த பிறகுதான் என்று அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். சரஸ்வதி காப்பி வாங்கக் கீழே போயிருந்தார். முதலாளி கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். இடது பக்கம் அசையாததால், புரளுவதில் பாதிதான் நடந்தது.

"வீரணா, பாத்ரூமு போகணும்."

"பாத்திரம் எடுத்தாரேன் மொதலாளி."

"அந்தப் பாத்திரத்தக் கொண்டு வந்தா மூஞ்சியில எறிஞ்சிருவேன். எத்தன நாளு படுத்துக்கிட்டே போறது. நடந்து போவோம். நீ பிடிச்சுக்கிட்டா போதும்."

"சிஸ்டர் வரட்டும்."

"அந்தப் பிள்ளை முருங்கைக்காயி மாதிரி இருக்கு. அது என்னயப் பிடிக்குமா? நீ பிடிச்சா எனக்கு என்ன பயம். மண்டியில ஒரு மூட்டையக் கீழ விட்டிருப்பியா?"

இதற்கு மேல் வீரணன் மறுக்க வேண்டுமானால் முதுகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்வதைவிட நடப்பது சுலபம் என்று நினைத்தார். கட்டில் கம்பியில் பெல்ட் தொங்கியது. இவ்வளவு நாள் அதைத் தொட்டதில்லை. மூட்டைக்குத்தான் கைப்பிடி கிடையாது, முதலாளிக்காவது இருக்கட்டும் என்று எடுத்துக் கட்டினார்.

"என்னடா, மாடு பிடிக்கிற மாதிரி" என்றார் முதலாளி.

வீரணன் அவருடைய இடது பக்கம் நின்றார். பலமில்லாத பக்கம்தான் நிற்க வேண்டும் என்று பிரவீணா சொன்னது எப்படியோ காதில் தங்கியிருந்தது. எழுப்பி நிறுத்தினார். வலது கால் போயிற்று, இடது கால் இழுத்துக்கொண்டு வந்தது. மறுபடி வலது. முதலாளியின் முகத்தில் மண்டிக் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்துக் களை வந்தது. குளியலறைக் கதவு தெரிந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம், இரண்டு கட்டிலுக்கு நடுவில், முதலாளியின் இடது முழங்கால் கத்தியால் வெட்டியதுபோல மடங்கியது.

அத்தனை கனமும் வீரணன் மேல் சாய்ந்தது. பழைய லோடுமேன் உள்ளே இருந்து, இடுப்பை ஒடி, ஒரு வெட்டு வெட்டு என்றான். முதுகு ஒரே ஒரு சொடுக்குச் சொடுக்கி, வேண்டாம் என்றது. இரண்டில் யார் பேச்சைக் கேட்பது என்று யோசிக்க நேரமில்லை. வீரணனின் இடது கால் முன்னால் போயிற்று, முழங்கால் மடங்கியது, கை பெல்ட்டை இழுத்து ஆளை உடம்போடு ஒட்ட வைத்தது. முதலாளி அவர் தொடைமேல் உட்கார்ந்தார். அங்கிருந்து வழுக்கத் தொடங்கினார்.

"வீரணா, கீழயா விடுற?"

"பேசாம வாங்க மொதலாளி."

"கீழதான் போறோம்."

"தெரியுது. தலையக் குனிங்க."

மெதுவாக, கோயில் சப்பரம் நிலைக்கு வருவதுபோல, சங்கரபாண்டியன் தரையில் வந்து அமர்ந்தார். தலைக்கு வீரணனின் கை முட்டுக் கொடுத்திருந்தது. அவருக்குப் பின்னாலேயே வீரணனும் உட்கார்ந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாக உட்கார்ந்தது இப்படி ஒரு இடத்தில்.

கொஞ்ச நேரம் இருவரும் கட்டில்களின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடி எதும் பட்டுச்சா மொதலாளி?"

"இல்ல. பாத்ரூமு போற அவசரமும் போயிருச்சு. சரி, தூக்கு."

வீரணன் தரையில் கையை ஊன்றிப் பார்த்தார்.

"தூக்குடா."

"முடியாது மொதலாளி. முதுகு போச்சு."

சொன்ன பிறகு, அதைச் சொல்வது அவ்வளவு சின்ன வேலைதான் என்று தெரிந்தது.

"எப்பப் போச்சு?"

"ஒங்களத் தூக்கிப் போட்டேன்ல. டொக்குன்னு கேட்டுச்சுல்ல, அப்ப."

சங்கரபாண்டியன் நல்ல கையால் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். "அது ஓம் முதுகா? என் தோளுன்னுல்ல நெனச்சேன். சொன்னா இன்னும் பத்து நாளு படுக்கப் போட்ருவாகன்னு வாயத் தொறக்கல."

"நானும் அதுக்குத்தான் வாயத் தொறக்கல."

"நல்ல ஆளுக போ" என்றார் முதலாளி. யாரைச் சொன்னார் என்று தெளிவாகத் தெரியவில்லை.

வீரணன் தரையைப் பார்த்தார். "ஒங்களக் கீழ விட்டுட்டேன்."

"எங்க விட்ட? கூடவேதான வந்து உக்காந்திருக்க. மூட்டையோட சேந்து எறங்குன லோடுமேனுக்கு மண்டியில பேரே வைக்கல."

சரஸ்வதி காப்பியோடு வந்தார், பார்த்தார், கத்தினார். வராந்தாவில் இருந்த மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஆளுக்கு ஒரு கை, ஆளுக்கு ஒரு கால் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் முதலாளியின் இடது கையை இழுக்கவே தொடங்கிவிட்டார்.

"யாரும் தொடாதீங்க."

பிரவீணா தோளில் பையோடு வாசலில் நின்றார். பையை வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டார். தலை, தோள், இடுப்பு, கால் என்று தொட்டுப் பார்த்தார், எங்கே வலிக்கிறது என்று கேட்டார். தோளை டாக்டருக்குக் காட்ட வேண்டும், மற்றபடி ஒன்றும் இல்லை. துணியை விரித்து, உருட்டி ஏற்றி, நாலு பேரை நாலு மூலையில் முழங்கால் போட வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்படி சொல்லி, சங்கரபாண்டியனைக் கட்டிலில் சேர்த்தார். பிறகு திரும்பினார்.

"அண்ணே, எந்திரிங்க."

வீரணன் எழவில்லை.

"அவனுக்கு முதுகு போச்சு" என்று கட்டிலில் இருந்து முதலாளி அறிவித்தார். உள்ளே வந்த கூட்டம் முழுவதும் அதைக் கேட்டது.

"தெரியும்" என்றார் பிரவீணா.

வீரணன் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுமா சிஸ்டர் பேசாம இருந்தீக?"

"கேட்டுக்கிட்டேதாண்ணே இருந்தேன். நீங்க நடந்துக்கிட்டேல்ல பதில் சொன்னீங்க. மொதல்ல மண்டி போடுங்க. இந்த நாற்காலியில கைய ஊணுங்க. ஒரு கால முன்னால வைங்க. முதுக ஒடிக்காதீங்க, கால்ல எந்திரிங்க."

எழுந்தார். டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார், இரண்டு நாள் படுத்துவிட்டுப் பிறகு மெதுவாக நடக்கச் சொன்னார். முதலாளிக்குப் பக்கத்துக் கட்டிலே காலியாக இருந்தது.

கிரேன் படுத்தது என்ற செய்தி பாலவனத்தம் வரைக்கும் போயிற்று. பாண்டீஸ்வரி வீட்டுத் தலையணையோடு வந்து சேர்ந்தார். பிரவீணா வந்து வந்து வீரணனைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தார். ஒரு தடவையும் தூக்கவில்லை, எல்லாம் உருட்டல்தான். ஊர் முழுக்கச் சிரிக்கும் என்று வீரணன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். போர்வை நீளம் போதாமல் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மத்தியானம் மூன்று மணிக்கு, கால்மாட்டில் ஏதோ உரசுவது தெரிந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தார். வராந்தாக் கூட்டம் வழக்கம்போல வந்திருந்தது. எழுந்து மிதிக்க முடியாத ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, அவர்களே ஒவ்வொருவராகத் திரும்பி நின்று, கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த காலில் முதுகை மூன்று தடவை இடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். பிரவீணா வந்து காலைத் துணியால் மூடிவிட்டுப் போனார்.

வேலை போகவில்லை. மேனேஜரிடம் பிரவீணா பேசினார். வீரணனிடம் வந்து சொன்னதும் அவர்தான். "தனியா ஆளைத் தூக்குனீங்கன்னு கேள்விப்பட்டா வேலை போயிரும். தூக்காம இருந்தா வேலை இருக்கு."

தூக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குவதில் முதலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பழகிக்கொண்டார். சங்கரபாண்டியன் வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள், சரஸ்வதி வழக்கம்போலக் கூப்பிட்டார். "வீரணா, அவுகளக் கொஞ்சம் மேல தூக்கிப் போடு."

"தூக்க மாட்டேம்மா. மொதலாளி, நல்ல கால மடக்கி ஊணுங்க. ராஜேஸ்வரி, அந்தத் துணியப் பிடி."

"ஆளு முன்ன மாதிரி இல்ல" என்றார் சரஸ்வதி வருத்தத்தோடு.

அன்று சாயங்காலம் பாலவனத்தம் பஸ்ஸில் வீரணன் ஏறினார். சீட்டைப் பிடித்து, முழங்காலை மடக்கி, உட்கார்ந்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். முன் சீட்டில் இருந்த செல்லப்பாண்டி திரும்பினார். மண்டியில் இன்னும் லோடு ஏற்றுகிறவர். ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தார்.

"ஏலே வீரணா, எறங்குன ஒடனே ஒரு மிதி மிதிச்சு விடுறியா?"

வீரணன் ஜன்னலைப் பார்த்தார். கருவேல மரங்கள் போய்க்கொண்டிருந்தன. செல்லப்பாண்டி இடுப்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

"மிதிக்கேன். ஆனா சும்மா மிதிச்சாப் பலிக்காது. மிதி வாங்கினவன் வீட்டுக்குப் போயி ஒருக்களிச்சுப் படுக்கணும். ரெண்டு மொழங்காலுக்கும் நடுவுல தலகாணி வைக்கணும். நாளையில இருந்து குனிஞ்சு மூட்டை எடுக்கக் கூடாது. கால மடக்கி ஒக்காந்து, மூட்டைய நெஞ்சோட ஒட்ட வச்சுத்தான் எந்திரிக்கணும். கெனத்த மூட்டைன்னா தொணைக்கு இன்னொரு ஆளு வேணும். இதுல ஒண்ணு தப்புனாலும் மிதி எடுக்காது."

"இதெல்லாம் எப்ப இருந்து?"

"ஆதியில இருந்து இருக்கு. நம்ம ஆளுகதான் விட்டுட்டாக. திருச்சுழி ஜக்கம்மாளு காலுக்கும் இதே முறைதான், வேணும்னாக் கேட்டுப் பாரு."

செல்லப்பாண்டி பயபக்தியோடு தலையாட்டினார். பத்து நாளில் அவர் முதுகு சரியாயிற்று. வீரணனின் காலுக்கு இருந்த பெயர் அதன் பிறகு இன்னும் கூடியது. இது பிரவீணாவின் காதுக்கும் போயிற்று. முதுகு பிடித்து வருகிற கிராமத்து ஆட்களை, தலையணை வைக்கச் சொல்லிக் கேட்காவிட்டால், அவரே வராந்தாவில் வீரணனின் காலிடம் அனுப்பத் தொடங்கினார்.